அத்தாட்சி பெற்ற சாதாரண மனுஷி

தன்னைச் சாதாரண ஆள் என்று எவரும் மனதார நினைப்பதில்லை. வாயால் சொல்வார்கள். "ஆமாம், நீங்கள் சாதாரணம்தான்" என்று நாம் ஒத்துக்கொண்டால் முகம் தொங்கிப்போகும். பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதும் வேலை பார்த்த அந்தப் பெண்ணும் அப்படித்தான். கடைத்தெருவே அவளைக் கேக்குக்காரி என்றுதான் கூப்பிடும். கிரீம் பையைக் கையில் எடுத்தால் விரல் நடுங்காது, எழுத்து கோணாது. அவள் லீவு போட்ட நாளில் முதலாளி வெறும் பூவை மட்டும் வைத்துக் கேக்கை அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவளை அரசாங்கமே குழு போட்டு விசாரித்து, சாதாரணம் என்று முத்திரை குத்தி அனுப்பப்போகிறது என்று அன்று காலை யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பாள்.

அன்று அவள் அரை நாள் லீவு கேட்டிருந்தாள். ஏழு வயது மகளுக்கு இடது காதின் செவிப்பறையில் ஓட்டை. அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. வகுப்பில் அதற்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப்போனால் அந்தக் காதுக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ஒரு இடம் காலியாகிறது. இன்று மாலை நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் உறுதி செய்து, சேர்க்கைச் சீட்டை அச்செடுத்துக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் இடம் வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

அவளுடைய போன் ஒருமுறை மாவு பிசையும் மேஜையிலிருந்து விழுந்ததில் திரையின் கீழ்ப் பாதி செத்துப்போயிருந்தது. 'உறுதி செய்' என்ற பொத்தான் அந்தப் பாதியில்தான் வந்து உட்கார்ந்தது. போனைத் திருப்பினாள், சாய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள். பொத்தானும் கூடவே திரும்பிச் செத்த பாதிக்கே போயிற்று. லாரி ஓட்டும் புருஷன் எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "கம்ப்யூட்டர்லதாம்மா, இங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று வைத்துவிட்டார்கள். மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு உடனே கிளம்பலாமென்றால் முதலாளி குறுக்கே நின்றார். ஏதோ ஒரு ஆபீசுக்குப் பெரிய கேக், அதை எழுதி முடித்துவிட்டுப் போ என்றார். மனு மாதிரி நீளமான வாசகம். மனசெல்லாம் மகளிடம் இருந்ததால் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாளே தவிர, என்ன எழுதினோம் என்பது மண்டையில் ஏறவில்லை. கடைசி வார்த்தைக்கு இடமில்லாமல் அதை ஓரத்தோடு வளைத்துவிட்டாள்.

பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு நகராட்சிக் கட்டடத்தின் மாடியிலிருந்த பொதுக் கணினி அறைக்குப் போனாள்.

அந்த அறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கையில் காசில்லாத ஒரு வருஷத்தில் நகராட்சி அங்கிருந்த கணினிகளிலெல்லாம் ஒரு இலவச இயங்குதளத்தை, அதாவது கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, போட்டுவைத்தது. திறந்த மூலம் என்பார்கள்: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி ஓடுகிறதென்று திறந்தும் பார்க்கலாம், கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டியதில்லை. ஜனங்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், காரியத்தை முடித்துக்கொண்டு போனார்கள். ஒரு புகார்கூட வரவில்லை. அதுதான் மேலிடத்துக்கு உறுத்தியது. புகார் சொல்லக்கூடத் தெரியாத அளவுக்கு ஜனங்கள் திணறுகிறார்களோ என்று சந்தேகம் கிளம்பி, ஒரு ஆய்வுக் குழு போட்டுவிட்டார்கள்.

கேக்குக்காரிக்கு இதெல்லாம் தெரியாது. உறை போடாமல் இருந்த ஒரே கணினியின் முன் உட்கார்ந்தாள், உலாவியைத் திறந்தாள், ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தது. மகளின் பதிவு எண்ணைப் போட்டாள். பச்சை நிறத்தில் பொத்தான் வந்தது. மவுஸை அதன்மேல் கொண்டுபோனாள்.

"சார்! ஆள் கெடச்சாச்சு!" என்று பின்னாலிருந்து வாட்ச்மேன் கத்தினான். "பாத்தா ரொம்ப சாதாரணமா இருக்கு சார்!"

கத்திய கையோடு கணினியின் வயரையும் பிடுங்கிவிட்டான். பொத்தான் போயிற்று.

உள்ளறையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் குழுவின் தலைவர். தொப்பை முன்னே வர, மூச்சு பின்னே வந்தது. அடுத்து, கையில் குறிப்பேடும் கழுத்தில் விசிலும் போட்ட பதிவாளர் அம்மாள். அப்புறம், விலை கூடிய இயங்குதளம் விற்கும் கம்பெனியிலிருந்து குழுவுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல வந்த கோட்டுக்காரர். கடைசியாக, திறந்த மூலத்தின் பக்கம் வாதாட வந்த தாடிக்காரத் தம்பி.

"எந்திரிக்காதீங்கம்மா, எந்திரிக்காதீங்க!" என்றார் தலைவர். "எத்தன மாசமா உங்களத் தேடிக்கிட்டு இருக்கோம் தெரியுமா?"

"என்னையா? நான் ஒண்ணும் பண்ணலயே சார்!"

"அதான் வேணும். ஒண்ணுமே பண்ணாத ஆள்தான் எங்களுக்கு வேணும்."

விஷயம் இதுதான். ஆய்வுக்கு ஒரு சாதாரணப் பயனர் தேவைப்பட்டார். முதலில் ஒரு தபால்காரரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் சட்டென்று வேலையை முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக முடிக்கிறவர் சாதாரணமாக இருக்க முடியாது, நிபுணர் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். பிறகு வந்த மீன் விற்கிற அம்மாள் படம் பார்த்து, பாட்டுக் கேட்டு, மகனோடு முகம் பார்த்துப் பேசியும் விட்டாள். பழகியவர் என்று அவளையும் நீக்கினார்கள். முடிந்தவர்களெல்லாம் தகுதி இழந்தார்கள். முடியாதவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. குழுவும் மாதாமாதம் கூடிக் கலைந்தது.

"சார், எனக்கு ஒரே ஒரு பொத்தான அழுத்தணும். கொழந்தைக்கு ஆபரேஷன். அழுத்திட்டேன்னா நீங்க என்ன கேட்டாலும் உக்காந்து பதில் சொல்றேன்."

தலைவர் பதறிப்போனார். "அழுத்திட்டா நீங்க அழுத்தத் தெரிஞ்சவங்க ஆயிடுவீங்களேம்மா! அப்புறம் நாங்க யார வச்சு ஆராய்ச்சி பண்றது?"

எழுந்து வேறெங்காவது ஓடலாமென்றால் அடுத்த கணினிக் கடைக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நாலு தாண்டிவிடும். மற்றக் கணினிகளுக்கெல்லாம் உறை போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். சுவரில் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

"சரி, சீக்கிரம் கேளுங்க."

பதிவாளர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கம்ப்யூட்டரப் பாத்தா பயமா இருக்கா?"

"இல்ல மேடம்."

பயத்தை வெளிக்காட்டத் தயங்குகிறார் என்று எழுதிக்கொண்டாள்.

"இயங்குதளம்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். தெரிஞ்சாத்தான் பொத்தான் அமுங்குமா?"

கல்விக்கு ஏங்குகிறார் என்று எழுதிக்கொண்டாள்.

"இதுக்கு முன்னாடி இந்த ரூமுக்கு வந்திருக்கீங்களா?"

வந்திருக்கிறாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டது இங்கேதான். சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பழகியவளாகிவிடுவோம், வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பட்டது. "இல்ல மேடம்" என்றாள். பிழைப்புக்காகத் தன்னைச் சாதாரணமாக்கிக்கொண்ட முதல் ஆள் அவள் இல்லை.

தலைவர் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. 'சாதாரணப் பயனர், அத்தாட்சி பெற்றவர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மணிக்கட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் பட்டையைக் கட்டினார்கள். வாட்ச்மேன் வயரைச் செருகினான்.

கணினி எழுந்து நின்றது. உலாவியைத் திறக்கப் போனாள். விசில் அடித்தது.

"ஒவ்வொரு க்ளிக்குக்கும் முன்னாடி உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லணும்," என்றாள் பதிவாளர்.

"நாலு மணிக்குள்ள முடியணும்னு ஓடுது."

"அது இல்ல. இயங்குதளத்தப் பத்தி."

"மேடம், அதப் பத்தி ஒண்ணுமே ஓடல. அது பாட்டுக்கு அது இருக்கு."

"துடிப்பு ஏறுது சார்!" என்று பதிவாளர் பட்டையைக் காட்டினாள்.

கோட்டுக்காரர் கைக்குட்டையால் கண்ணோரத்தைத் தொட்டுக்கொண்டார். "பாருங்க சார், நம்ம ஜனங்க எவ்வளவு செரமப்படறாங்கன்னு. எனக்கு மனசே கேக்கல. எங்க கம்பெனிது இருந்திருந்தா இப்படி இதயம் அடிச்சிக்குமா?"

"ஐயா, இது கம்ப்யூட்டர் அடிக்க வைக்கல. அதோ, அந்தக் கடிகாரம்."

தலைவர் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அது நம்ம ஆய்வு வரம்புக்குள்ள வராதும்மா."

இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாடிக்காரத் தம்பிக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே பாய்ந்தான். கேக்குக்காரிக்கு உயிர் வந்தது; நம் பக்கம் பேச ஒருவனாவது இருக்கிறானே என்று நினைத்தாள்.

"இது அநியாயம் சார்! இத மாதிரி சுலபமானது ஒலகத்துலயே கெடையாது. எங்க மாமியாரே உபயோகிக்கறாங்க!"

"அவங்களுக்கு யாரு போட்டுக் குடுத்தது?" என்றார் கோட்டுக்காரர்.

"நான்தான். வாரா வாரம் போய்ச் சரிபண்ணிக் குடுத்துட்டு வருவேன். அவ்வளவு சுலபம்." தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க இதத் தப்பா உபயோகிக்கறீங்க."

"சரியாத்தானே தம்பி வருது?"

"வருது. ஆனா எப்படி வருதுன்னு தெரியாம வருது. இந்தப் பொத்தான யாரோ வச்சாங்க, நீங்க அழுத்தறீங்க. அது அடிமைத்தனம் அக்கா! இப்ப நான் உங்களுக்கு விடுதலை குடுக்கறேன்."

"எனக்கு நாலு மணி வரைக்கும் அடிமைத்தனம் போதும் தம்பி. அப்புறம் குடு."

அவன் காதில் விழவில்லை. மவுஸைப் பிடுங்கி ஓரமாக வைத்தான். திரையில் கன்னங்கரேலென்று ஒரு கட்டளைச் சன்னலைத் திறந்து மடமடவென்று தட்டினான். வெள்ளை எழுத்துகள் மழையாய்க் கொட்டின. திரையில் எழுத்துகளின் விளிம்பு ஒரு மயிரிழை மங்கலாக இருக்கிறதாம். அதைச் சரிசெய்துவிட்டால் பொத்தான் இன்னும் அழகாகத் தெரியுமாம். தெரிந்துகொண்டிருந்த பொத்தானைத் தெளிவாக்கப் போய்த் திரை மொத்தமும் அணைந்தது.

"அஞ்சே நிமிஷம் அக்கா!" என்று மேஜைக்கு அடியில் புகுந்தான்.

இருட்டிய திரையில் கேக்குக்காரி தன் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையும் தெரிந்தது. சேலைத் தலைப்பால் வேர்வையைத் துடைத்தாள். பதிவாளர் எழுதிக்கொண்டாள்: திரை இருண்டது, பயனர் கண்கலங்கினார்.

கிடைத்த இடைவெளியைத் தலைவர் வீணாக்கவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நீங்க என்னத் தப்பா நெனைக்கக் கூடாது. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்ல. தொட்டிருந்தா எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். அபிப்பிராயமே இல்லாத நடுநிலையான ஆள் வேணும்னுதான் என்னத் தலைவராப் போட்டாங்க. எனக்கு ஜனங்க மேல அக்கற உண்டு. ஒரு பொருளக் கொண்டுபோய் நேரா ஜனங்க கையில குடுத்து, அவங்களும் நேரா அத உபயோகிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு வைங்க, நடுவுல இருக்கற எங்க நெலம என்ன? ஒருத்தருக்கு ஒரு காரியம் கஷ்டமா இருந்தாத்தான் நாங்க ஒத்தாசை பண்ண முடியும். அந்தக் கஷ்டத்தக் காப்பாத்தறதுதான் எங்க கடமை."

கோட்டுக்காரர் கை தட்டினார். மேஜைக்கு அடியிலிருந்து தம்பியும், எதற்கு என்று தெரியாமல், தட்டினான்.

நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, ஆச்சா? நாலாவப் போவுதே! பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா."

"என்ன கேக்கறா?"

"ஆபரேஷன் ஆனா மழ ரெண்டு பக்கமும் கேக்குமான்னு கேக்கறா."

கேக்குக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். போனை மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் திரைக்கு உயிர் வந்தது. எழுத்து முன்னைப் போலவேதான் இருந்தது; தம்பிக்கு மட்டும் அழகாகத் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்காமல் பக்கத்தைத் திறந்தாள், எண்ணைப் போட்டாள். பச்சைப் பொத்தான் வந்தது. மவுஸில் கை வைத்தாள்.

நீளமாக ஒரு விசில்.

"தேநீர் இடைவேள!" என்றாள் பதிவாளர். "இடைவேளைல யாரும் எந்திரத்தத் தொடக் கூடாது. விதி." வாட்ச்மேன் வந்து மவுஸின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றான்.

"சார், கால்ல வேணா விழறேன். இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. எம் பொண்ணுக்குக் காது கேக்காது சார்!"

"பத்தே நிமிஷம்மா," என்றார் தலைவர். "கேக் வந்திருக்கு. நீங்களும் ஒரு துண்டு சாப்பிடுங்க. நீங்கதானே இன்னிக்கு முக்கிய விருந்தாளி?"

கொண்டுவந்தது டீக்கடைப் பையன் இல்லை. கோட்டுக்காரரே தன் கையால் பெட்டியைக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். கேக்குக்காரி பார்த்தாள். ஓரத்தோடு வளைந்து போயிருந்த கடைசி வார்த்தைதான் முதலில் கண்ணில் பட்டது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போகுமா? எழுதும்போது மண்டையில் ஏறாத வாசகம் இப்போது ஒவ்வொரு எழுத்தாக ஏறியது.

'திறந்த மூல இயங்குதளம் சாதாரண மக்களுக்கு மிகமிகக் கடினம் எனக் கண்டறிந்த வல்லுநர் குழுவுக்கு வாழ்த்துகள்.'

"இத நான்தான் எழுதினேன்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மத்தியானம் எழுதினேன். அப்ப நான் இங்க வரவே இல்ல. நீங்க என்னப் பாக்கவே இல்ல. அப்புறம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

கோட்டுக்காரர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக் கழற்றினார். "பெரிய கேக்னா முன்கூட்டியே சொன்னாத்தாம்மா கெடைக்குது."

தலைவருக்கு மட்டும் கூச்சமே இல்லை. "இதுல என்னம்மா இருக்கு? முடிவு தயாரா இருந்தாத்தான ஆய்வ நிதானமா நடத்த முடியும்? முடிவே தெரியாம ஆய்வுல எறங்கினா அது எங்க கொண்டுபோய் விடும்னு யாருக்குத் தெரியும்?"

கேக்குக்காரிக்கு அந்த நொடியில் பயம் விட்டுப்போயிற்று. இத்தனை நேரம் அடங்கிக் கிடந்த ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. கேக்கைப் பலகையோடு தூக்கி, இடது உள்ளங்கையில் ஏந்தி நிறுத்தினாள். அடுக்குக் கேக்கையே ஒரு கையில் ஏந்தி, பஸ்ஸில் நின்றுகொண்டு போனவள். கை அசையவில்லை.

"மவுஸ விடு," என்றாள் வாட்ச்மேனைப் பார்த்து.

அவன் தலைவரைப் பார்த்தான்.

அவள் பலகையைச் சற்றே சாய்த்தாள். கிரீம் ரோஜா ஒன்று வழுக்கித் தரையில் விழுந்தது.

"விட்டுடுய்யா!" என்று அலறினார் தலைவர். "மேலதிகாரிகளக் கூப்பிட்டிருக்கேன்யா! விட்டுடு!"

வலது கையால் மவுஸைப் பிடித்தாள். அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெரிய முள் பன்னிரண்டை ஒட்டி நின்றது. பட்டை கிய்யா கிய்யா என்று கத்தியது. பதிவாளர்கூட எழுதுவதை மறந்துவிட்டாள். எல்லாரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள்.

'உறுதி செய்யப்பட்டது.'

மூலையில் பிரிண்டர் முனகி, சேர்க்கைச் சீட்டைத் துப்பியது. பதிவாளர்தான் பக்கத்தில் நின்றாள். லபக்கென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது ஆய்வுச் சான்று. கோப்புல சேக்கணும். வேணும்னா நகலுக்கு விண்ணப்பம் போடுங்க."

"மேடம்," என்றாள் கேக்குக்காரி, பலகையை இன்னும் கொஞ்சம் சாய்த்து. "வாழ்த்துகள் வழுக்குது."

"குடுத்துடும்மா! குடுத்துத் தொலை!" என்று பதிவாளரிடம் கத்தினார் தலைவர்.

ஒரு கையில் சீட்டு வந்தது. மறு கையிலிருந்து கேக் போயிற்று. கழுத்து அட்டையையும் மணிக்கட்டுப் பட்டையையும் கழற்றி, 'வல்லுநர்' என்ற வார்த்தையின் மேலேயே வைத்து அழுத்திவிட்டு வெளியே வந்தாள். படியில் பாதி இறங்கியதும் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

குழுவின் அறிக்கை சீக்கிரமே வெளியானது. ஒரே ஒரு பொத்தானை அழுத்த அத்தாட்சி பெற்ற சாதாரணப் பயனருக்கு ஒரு மதியம் தேவைப்பட்டது என்றும், நாடித்துடிப்பு அபாய அளவைத் தொட்டது என்றும், மன உளைச்சல் தாங்காமல் அவர் அரசுக் கேக் ஒன்றைப் பிணையாகப் பிடிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார் என்றும் அதில் கண்டிருந்தது. எனவே மேற்படி இயங்குதளம் சாதாரண மக்களுக்கு மிகமிகக் கடினம். தாடிக்காரத் தம்பி ஒரு மறுப்புக் குறிப்பு எழுதி இணைத்திருந்தான். கருப்புச் சன்னல் வழியாகச் செய்திருந்தால் கேக்குக்கே வேலை வந்திருக்காது என்பது அவன் கட்சி.

ஆபரேஷன் நடந்தது. பஞ்சை எடுத்து, கட்டைப் பிரித்து, காது ஆறட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். பின்னொரு நாள் டாக்டரிடம் காட்டிவிட்டு, அடுத்த தேதி வாங்க மகளோடு கவுண்டரில் நின்றாள்.

"அடுத்த தேதிய இணையத்துல உறுதி பண்ணிடுங்கம்மா," என்றாள் கவுண்டரில் இருந்தவள்.

"பொதுக் கணினி ரூம்ல பண்ணலாமா?"

"அத மூடிட்டாங்களே. பொதுமக்கள் வசதிக்காகன்னு போர்டு வச்சிருக்காங்க. புதுசா விலைக்கு வாங்கிப் போடறவரைக்கும் தெறக்க மாட்டாங்களாம்." பிறகு பக்கத்து நாற்காலிக்காரியின் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "யாரோ ஒரு பொம்பளைக்கு ஒரு பொத்தான அழுத்தத் தெரியலையாம். கடைசில கேக்கத் தூக்கிட்டு ஓடப் பாத்துச்சாம்."

கேக்குக்காரிக்குச் சுருக்கென்றது. மூக்கு விடைத்தது. அன்றைக்கு நடந்தது என்ன தெரியுமா என்று கவுண்டரைத் தட்டப் போனாள்.

மகள் கவுண்டருக்கு இடது காதைக் காட்டி, வராந்தாவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பாமலே அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, கேக்கத் தூக்கிட்டு ஓடினது யாரும்மா?"

தட்டப் போன கை அப்படியே நின்றது. கேக்குக்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள், கவுண்டர்க்காரியைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"அதையே இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்," என்றாள். "இன்னும் கொஞ்சம் கொரலக் கொறச்சு."